ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறக்கையைப் பாருங்கள்

பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் இரவெல்லாம் மழை கொட்டி விட்ட காலை. ஓடுபாதையில் வேகமெடுத்த விமானம் மூக்கைத் தூக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில், இறக்கையின் மேற்புறத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ படரும், கலையும், மறுபடி படரும். இறக்கையின் பின்விளிம்பில் நீளும் மடலான ஃபிளாப்பின் ஓரத்திலிருந்து முறுக்கிய நூல்போல ஒரு வெள்ளைக் கோடு பின்னால் ஓடும். புகை என்று நினைத்துப் பக்கத்து இருக்கைக்காரர் பதறினால் சொல்லுங்கள்: அது மேகம். இறக்கையே அந்த இடத்தில் அந்த நொடியில் செய்த மேகம்.

விமானம் ஏன் பறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. காற்றின் அழுத்தம் சட்டென்று 5% குறைந்தால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 4 டிகிரி இறங்கும். நம் ஊர்க் காலைக் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும், நீராவி துளியாகிவிடும். எனவே வெள்ளை படரும் இடமெல்லாம் அழுத்தம் குறைந்த இடம். அது மேற்புறத்தில்தான் தெரியும், கீழே தெரியாது.

அந்த 5% கணக்கு எங்கிருந்து வந்தது? கோலாலம்பூர்–பினாங்கு போன்ற குறுகிய பயணத்துக்குப் புறப்படும் ஏர்பஸ் ஏ320 விமானத்தை 62 டன் என்று வைத்துக்கொள்வோம். இறக்கைப் பரப்பு 122.6 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு அரை டன் சுமை. அழுத்தமாகச் சொன்னால் சுமார் 5,000 பாஸ்கல். தரைமட்டக் காற்றழுத்தம் 1,01,325 பாஸ்கல். அதாவது இறக்கையின் மேலும் கீழும் உள்ள அழுத்தம் சராசரியாக இருபதில் ஒரு பங்கு வேறுபட்டால் போதும், 62 டன் அந்தரத்தில் நிற்கும். அரை மீட்டர் ஆழத் தண்ணீர் அடித்தளத்தில் கொடுக்கும் அழுத்தம்தான் அது; ஒரு பெரிய வாளி, அவ்வளவே. பரப்பு பெரிதாக இருப்பதால் காரியம் நடக்கிறது.

சரி, அந்த வேறுபாடு ஏன் வருகிறது? இங்கேதான் கதை கெடுகிறது.

பாயும் காற்றில் வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைந்திருக்கும் என்ற உறவைச் சொன்ன பெர்னூலி, படிவம் 5 இயற்பியலில் வருவார். அவரோடு டியூஷன் வகுப்பிலும் யூடியூபிலும் ஒட்டிக்கொண்டு இன்னொரு கதையும் வரும்: இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போன காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டுமென்பதால் அது வேகமாக ஓடுகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறையும். முதலும் முடிவும் சரி. நடுவில் உள்ள "ஒரே நேரத்தில் சேர வேண்டும்" என்பது சுத்தப் பொய். பினாங்குத் தீவில் கொம்தாரில் பிரிந்த இருவரில் ஒருவர் ஃபெரியில் போகிறார், மற்றவர் பாலத்தில் சுற்றிப் போகிறார். எதிர்க்கரைப் பட்டர்வொர்த்தில் இருவரும் ஒரே நிமிடத்தில் கால் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காற்றுக்கும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டு விட்டுப் பாய்ச்சிப் பார்த்தால், மேலே போன புகை கீழே போனதை முந்திக்கொண்டு முன்னதாகவே பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. போதாததற்கு, சாகச விமானங்களின் இறக்கை மேலும் கீழும் ஒரே வளைவு கொண்டது; தலைகீழாகவும் பறக்கும். "தூரம் அதிகம்" கதைப்படி அவை பறக்கவே கூடாது.

உண்மையான காரணத்தை ஒரு தாளில் பார்க்கலாம். சாதாரண ஏ4 தாளில் 3 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். மேல்முனையைப் பிடித்து நேராகத் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் தாளை ஒட்டி மேலிருந்து கீழாக ஊதுங்கள். வேகமான காற்றுப் பக்கம் அழுத்தம் தானாகவே குறையுமென்றால் தாள் அந்தப் பக்கம் சாய வேண்டும். சாயாது, லேசாகப் படபடக்கும், அவ்வளவுதான். இப்போது அதே பட்டையை உதட்டுக்குக் கீழே பிடித்து, மறுமுனை முன்னால் வளைந்து தொங்கும்படி விட்டு, மேற்புறமாக ஊதுங்கள். தாள் எழும். இரண்டிலும் ஊதிய வேகம் ஒன்றுதான். வளைவு மட்டுமே புதிது.

காற்று வளைந்த பரப்பை ஒட்டித் திரும்புகிறது. எதுவும் சும்மா திரும்பாது. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லைக் கயிறு உள்ளே இழுப்பதுபோல, திரும்பும் காற்றையும் ஏதோ ஒன்று வளைவின் உட்புறம் தள்ள வேண்டும். காற்றுக்குக் கயிறு கிடையாது, அழுத்தம்தான் உண்டு. ஆகவே வெளியே அழுத்தம் இயல்பாகவும் பரப்பை ஒட்டிய இடத்தில் குறைவாகவும் இருந்தாக வேண்டும். அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கி வரும் காற்று வேகமெடுக்கிறது. பெர்னூலி சொன்ன உறவு இங்கே அப்படியே பொருந்தும். ஆனால் வேகம் காரணமல்ல, அழுத்தக் குறைவோடு சேர்ந்து வருவது.

இதே நிகழ்ச்சியை நியூட்டன் கணக்கிலும் எழுதலாம். திரும்பிய காற்று கீழ்நோக்கிப் போகிறது. காற்றைக் கீழே தள்ளியதால் இறக்கை மேலே தள்ளப்படுகிறது. "பெர்னூலியா நியூட்டனா" என்று ஃபேஸ்புக்கில் நடக்கும் சண்டை வீண். ஒரே கடையின் வரவை ஒருவர் எழுதுகிறார், செலவை இன்னொருவர் எழுதுகிறார். கூட்டினால் தொகை ஒன்றுதான். நியூட்டன் பக்கத்துத் தொகையைத் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். இறக்கை முனையிலிருந்து முனைவரை 34 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டக் குழாய் அளவு காற்றை விமானம் பாதிக்கிறது என்பது பழக்கமான எளிமைப்படுத்தல். விநாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் அந்தக் குழாய்க்குள் நுழையும் காற்று விநாடிக்கு 78 டன். 62 டன்னைத் தாங்க, அந்த 78 டன் காற்றையும் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்துக்குக் கீழே இறக்க வேண்டும். ஒவ்வொரு விநாடியும், தரை தொடும்வரை, இந்த வேலை நிற்காமல் நடக்கிறது.

இதற்குப் பயன்படும் சூத்திரம் ஒன்றுதான்:

தூக்குவிசை = ½ × காற்றின் அடர்த்தி × வேகம் × வேகம் × இறக்கைப் பரப்பு × தூக்குக்கெழு

வேகம் இரண்டு தடவை வருவதைக் கவனியுங்கள். வேகம் பாதியானால் தூக்குவிசை கால்பங்கு. தூக்குக்கெழு என்பது இறக்கை காற்றை எவ்வளவு நன்றாகத் திருப்புகிறது என்பதைச் சொல்லும் எண். அது முக்கியமாக இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைப் பொறுத்தது. அதைத் தாக்குகோணம் என்போம். வாவ் புலான் என்ற மலாய்ப் பட்டத்தைப் பறக்கவிட்டவர்களுக்கு இது விளக்கவே தேவையில்லை. முன்புறத்தில் கட்டும் தெராஜு கயிற்றின் மேல்புறம் ஒரு விரல்கடை நீண்டால் பட்டம் மல்லாந்து தடுமாறும். குறைந்தால் காற்றை வெட்டிக்கொண்டு எழாமல் குத்திவிடும். தெராஜுவில் அவர்கள் சரிசெய்வது தாக்குகோணத்தைத்தான்.

விமானத்தில் அந்தக் கோணத்தை விமானி மாற்றுகிறார். ஓடுபாதையில் ஓடும்போது விமானம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருக்கிறது, தூக்குவிசை குறைவு. சுமார் 140 நாட் (மணிக்கு 260 கிலோமீட்டர்) வேகத்தில் மூக்கை விநாடிக்கு 3 டிகிரி வீதம் உயர்த்துவார். வேகம் அதிகம் மாறவில்லை. கோணம் மாறியது, அதனால் சக்கரம் தரையை விட்டது. ஆரம்பத்தில் சொன்ன வெள்ளை மேகம் மூக்கு உயரும் அந்த நொடியில் வருவதும் இதனாலேயே.

நம் ஊர் வெயிலின் பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பொறியியல் அட்டவணைகளில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.225 கிலோ என்றிருக்கும். அது 15 டிகிரியில், ஈரமில்லாத காற்றுக்கு. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ இருக்கும் செப்பாங்கில் மதியம் 32 டிகிரி, ஈரப்பதம் 70% என்றால் அடர்த்தி ஏறத்தாழ 1.14தான். ஈரக் காற்று "கனமானது" என்று தோன்றும்; உண்மையில் நீராவி மூலக்கூறு நைட்ரஜனைவிடவும் ஆக்சிஜனைவிடவும் இலேசானது, ஆகவே ஈரக் காற்றின் அடர்த்தி குறைவு. இந்த 7% இழப்பை ஈடுகட்ட வேகம் 3.6% கூட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், விமானியின் வேகமானியில் எண் மாறாது. அந்தக் கருவி அளப்பது காற்று மோதும் அழுத்தத்தை. அதில் அடர்த்தியும் அடங்கிவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே தரைதான் கொஞ்சம் வேகமாக ஓடும், ஓடுபாதையும் கூடுதலாகச் செலவாகும். அடர்த்தி குறைந்த காற்றில் இன்ஜினுக்கும் இழப்பு உண்டு. கேஎல்ஐஏவில் 4 கிலோமீட்டர் நீள ஓடுபாதை இருப்பதால் ஏ320க்கு இது பொருட்டில்லை. நிறைய எரிபொருளோடு நெடுந்தூரம் கிளம்பும் பெரிய விமானங்களுக்குப் பொருட்டு.

மேலே ஏறும்போது தூக்குவிசை எடையைவிட அதிகம் என்று நினைப்பது இயல்பு. தவறு. 6 டிகிரி சரிவில் சீராக ஏறும்போது தூக்குவிசை எடையைவிட அரை விழுக்காடு குறைவு. மேலே ஏற்றுவது இன்ஜின்: காற்றின் இழுவையை வென்றபின் மிஞ்சும் உந்துவிசை, எடையின் பத்தில் ஒரு பங்கு, நம் விமானத்துக்கு 6.5 டன் அளவு.

கிடைமட்டமாகப் பறக்கத் தொடங்கியபின் நான்கு விசைகளும் சமன். எடையும் தூக்குவிசையும் 62 டன். இழுவையும் உந்துவிசையும் அதில் ஏறத்தாழ 17இல் ஒரு பங்கு, அதாவது 3.6 டன். இந்த விகிதம்தான் இறக்கையின் பெருமை. நேரே மேலே தூக்க வேண்டுமானால் 62 டன் தள்ளவேண்டிய இடத்தில், பக்கவாட்டில் 3.6 டன் தள்ளினால் போதும். மாட்டு வண்டியும் கப்பியும் கண்டுபிடித்த மனிதன் கண்ட நெம்புகோல்களில் இதற்கு ஈடில்லை என்பது என் கட்சி.

இரண்டு இன்ஜினும் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் அதே 17தான் பதில். ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் 17 கிலோமீட்டர் முன்னேறலாம். செப்பாங்கிலிருந்து பினாங்கு நேர்கோட்டில் சுமார் 325 கிலோமீட்டர். பாதிவழியில் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் 110 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து போகலாம். ஈப்போ அந்த வட்டத்துக்குள் வசதியாக இருக்கிறது. இது தாள் கணக்கு மட்டுமல்ல. 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் ஏ330 ஒன்று அட்லாண்டிக் மேல் எரிபொருள் தீர்ந்து, 100 கிலோமீட்டருக்கு மேல் இன்ஜின் இல்லாமல் மிதந்து அசோர்ஸ் தீவில் தரையிறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள்.

இழுவை இரண்டு வகை. ஒன்று, உடம்பைக் காற்றில் இழுத்துச் செல்வதால் வருவது, வேகத்தோடு கூடும். மற்றது, தூக்குவிசைக்குக் கொடுக்கும் விலை. இறக்கைக்குக் கீழே உள்ள அதிக அழுத்தக் காற்று முனையைச் சுற்றி மேலே ஏறப் பார்க்கும். அதனால் சுழல் உண்டாகும், அந்தச் சுழலைச் சுழற்றும் ஆற்றல் எரிபொருளிலிருந்தே போகிறது. இது மெதுவாகப் பறக்கும்போது அதிகம். இறக்கை முனையில் நிமிர்ந்து நிற்கும் ஷார்க்லெட் அதைக் குறைக்கத்தான். நீண்ட பயணத்தில் 4% வரை எரிபொருள் மிச்சம் என்கிறது ஏர்பஸ். ஒரு மணி நேரப் பினாங்குப் பயணத்தில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு இழுவையும் சேர்ந்து மிகக் குறையும் வேகம் ஒன்று உண்டு. ஏர்பஸ் வேகமானியில் அது ஒரு பச்சை வட்டமாகவே தெரியும். இன்ஜின் நின்றுபோனால் விமானி தேடுவது அந்த வட்டத்தைத்தான்.

இனி ஸ்டால். காருக்கு "ஸ்டால் ஆயிருச்சு" என்றால் இன்ஜின் நின்றது என்று அர்த்தம். விமானத்தில் அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை. தாக்குகோணம் ஒரு டிகிரி கூடினால் தூக்குக்கெழு ஏறத்தாழ 0.1 கூடும், 15 டிகிரி வாக்கில் காற்றால் அந்த வளைவை ஒட்டித் திரும்ப முடியாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்குவிசை சரியும், இழுவை எகிறும். இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் ஆகலாம். வேகம் குறைந்தால்தான் ஆகும் என்பதும் இல்லை; 60 டிகிரி சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும், ஸ்டால் வேகம் 41% கூடிவிடும். பயணிகள் விமானம் 30 டிகிரிக்கு மேல் சாய்வதைத் தவிர்ப்பது அதற்காகவும்தான். அங்கே கூடுதல் சுமை 15% மட்டும். மீளும் வழி: முதலில் மூக்கை இறக்கு, கோணத்தைக் குறை, பிறகு மற்றது. தரை நெருங்கும்போது மூக்கை இறக்கச் சொல்வது மனித இயல்புக்கு நேர்விரோதம். 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447இல் வேகமானிக் குழாய்கள் பனியால் அடைபட்டபின், பெரும்பாலான நேரம் மூக்கை உயர்த்தும் கட்டளையே கொடுக்கப்பட்டது. சுமார் 38,000 அடியிலிருந்து கடல் மட்டம்வரை ஸ்டால் நிலையிலேயே விழுந்தது, மூன்றரை நிமிடத்தில். இன்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பினாங்கு நெருங்கும்போதுதான் ஜன்னல் இருக்கைக்குக் கொடுத்த காசு செரிக்கும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால், ஏ320இல் 20ஆம் வரிசை வாக்கில் உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். 7 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 215 மீட்டர் பறந்தபோது தேவைப்பட்ட தூக்குக்கெழு 0.4க்கும் குறைவு. இறங்கும் வேகத்தில் 1.5 தாண்ட வேண்டும். ஒரே இறக்கையால் இரண்டையும் நன்றாகச் செய்ய முடியாது. அதனால் இறக்கையின் உருவத்தையே மாற்றுகிறார்கள். மோட்டார் முனகும் சத்தம் கேட்கும். முன்விளிம்பில் ஸ்லாட் முன்னால் நகர்ந்து ஒரு மெல்லிய இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியாகக் கீழ்ப்புறக் காற்று மேலேறும்; ஸ்லாட் இருப்பதால் பெரிய தாக்குகோணத்திலும் காற்று பிய்த்துக்கொள்ளாமல் பரப்பை ஒட்டிப் போகும். பின்விளிம்பில் ஃபிளாப் பின்னால் நீண்டு கீழே வளையும். கடைசி நிலையில் அதன் சரிவு 35 டிகிரி அளவு. பரப்பும் வளைவும் ஒருசேரக் கூடுகின்றன. இழுவையும் கூடும், ஆனால் இப்போது அதுவும் வேண்டியதுதான்.

இறங்கும் வேகம் ஸ்டால் வேகத்தைப் போல 1.23 மடங்குக்குக் குறையாமல் வைக்கப்படும். இந்த இடைவெளியைத் தின்பது நம் மாலை நேர இடிமழை. மேகத்திலிருந்து கொட்டும் காற்று தரையில் மோதி நாலாபுறமும் விரியும். விமானம் முதலில் எதிர்க்காற்றிலும் பிறகு சட்டென்று பின்காற்றிலும் நுழையும். 135 நாட்டில் 15 நாட் பறிபோனால் தூக்குவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. கேப்டன் இறங்காமல் மேலேறி இன்னொரு சுற்று வந்தால் முணுமுணுக்காதீர்கள்.

தரைக்கு இறக்கை நீளத்தில் பாதி உயரத்தில், அதாவது 17 மீட்டருக்குக் கீழே வந்ததும் விமானம் மெத்தையில் மிதப்பதுபோல் தோன்றும். கீழே போகும் காற்றைத் தரை தடுப்பதால் சுழல் பலமிழக்கிறது, இழுவை குறைகிறது. வேகம் சற்று அதிகமாக வந்திருந்தால் விமானம் மிதந்துகொண்டே ஓடுபாதையைத் தின்னும். ஈரமான ஓடுபாதையில் மெத்தென்று இறங்குவது நல்ல விமானியின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே உறுதியாகத் தட்டி இறக்குவதே சரி.

சக்கரம் தொட்டதும் இறக்கையின் மேலே ஐந்து பலகைகள் படாரென்று எழுந்து நிற்கும். அவை ஸ்பாய்லர்கள். காற்றைத் தடுத்து விமானத்தை நிறுத்துவதற்கு என்று நினைப்போம். முக்கிய வேலை அதுவல்ல. தூக்குவிசையைக் கொல்வது. அதுவரை இறக்கை தாங்கிய 60 டன்னைச் சக்கரத்துக்கு மாற்றினால்தான் பிரேக் பிடிக்கும். தண்ணீர் நிற்கும் பாதையில் இது இன்னும் அவசரம்: டயர் அழுத்தம் 200 பிஎஸ்ஐ என்றால், பழைய நாசா சூத்திரப்படி 127 நாட்டுக்கு மேல் டயர் தண்ணீர்ப் படலத்தின்மேல் வழுக்கும்.

சுபாங் விமான நிலையத்திலிருந்து ஏடிஆர் 72 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் வருபவர்களுக்கு ஒன்று மட்டும். அதன் இறக்கை சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 377 கிலோதான் சுமக்கிறது, ஏ320இன் அரை டன்னுக்கு எதிரே. அதனால் மெதுவாகவே ஏறி மெதுவாகவே இறங்க முடிகிறது. அதில் பயணிகள் ஏறுவது பின்கதவு வழியாக. கூட்டம் மொத்தமும் வாலருகே நின்றால் எடைமையம் பின்சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் போய் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் நிறுத்தியிருக்கும்போது வாலுக்கடியில் ஒரு முட்டுக்கம்பு கொடுத்திருப்பார்கள். ஏறியபின் "இருக்கை மாறாதீர்கள்" என்று பணிப்பெண் சொல்வதும் அதே எடைமையத்துக்காக.